சின்ன ஊர்ல ஒரு ராணுவ நினைவுப் பூங்கா: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

ஒரு சின்ன ஊர்ல ராணுவத்துல இருந்தவங்களுக்காக நினைவுப் பூங்கா அமைச்சப்போ பேர் சரிபாக்குற வேலை என்கிட்ட வந்துச்சு. கல்லுல வெட்டப்போற ஒவ்வொரு பேரையும் வீடு வீடா போய், பேப்பர் பாத்து, குடும்பத்துகிட்ட படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கற வேலை. அப்ப கேட்ட கேள்விங்க, இப்ப இதே மாதிரி ஆரம்பிக்கிற வேற ஊர்க்காரங்க போன் பண்ணி கேக்குற கேள்விங்க, சுத்திப் பாக்க வர்றவங்க கேக்கறது, எல்லாமே கிட்டத்தட்ட ஒன்னாதான் இருக்கு, அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். முன்னாடியே ஒன்னு சொல்லிடறேன், என்னைப் பொறுத்தவரை இந்தப் பூங்கால பேர்தான் முக்கியம். சிலை, பீரங்கி, நீரூற்று எல்லாம் அதுக்கு அப்புறம்தான். கீழ உள்ள பதில்கள்ல அது தெரியும்.

இது போர்ல இறந்தவங்களுக்கு மட்டுமா, சர்வீஸ் முடிச்சு வீட்டுக்கு வந்தவங்களுக்கும் சேர்த்தா?

ரெண்டு மாதிரியும் உண்டு, ஆனா எதுன்னு முதல் மீட்டிங்லயே முடிவு பண்ணிடணும், பாதில மாத்துனா பெரிய மனஸ்தாபம் வரும். டெல்லில 2019 பிப்ரவரி 25 அன்னைக்கு திறந்த தேசிய போர் நினைவுச் சின்னத்துல உயிர்த்தியாகம் பண்ணவங்க பேர் மட்டும்தான், திறந்தப்பவே 25,942 பேர் அதுல இருந்தாங்க. அமெரிக்கால நாளையே ரெண்டா பிரிச்சு வச்சிருக்காங்க, மே மாசம் கடைசி திங்கக்கிழமை மெமோரியல் டே இறந்தவங்களுக்கு, நவம்பர் 11 வெட்டரன்ஸ் டே சர்வீஸ் பண்ண எல்லாருக்கும்.

சின்ன ஊர்ல இறந்தவங்க எண்ணிக்கை நாலோ அஞ்சோதான் இருக்கும், ஆனா இருபது வருஷம் எல்லைல நின்னுட்டு வந்து இப்ப டீக்கடைல பேப்பர் படிச்சிட்டு இருக்கறவங்க நூறு பேர் இருப்பாங்க. அவங்களையும் சேர்க்கறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். ஆனா ரெண்டையும் ஒரே சுவத்துல கலக்காதீங்க. உயிரோட இருக்கறவர் பேரை இறந்தவங்க வரிசைல பாத்தா அவர் வீட்டுக்காரம்மாவுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க, மகனை பறிகொடுத்தவங்களுக்கும் அந்தப் பேர் தனியா தெரியணும்.

எல்லைல சண்டைல சாகாம நோய்ல, விபத்துல, தற்கொலைல இறந்தவங்க பேர் வருமா?

வரணும். ரொம்ப பேர் தயங்கிக் கேக்குற கேள்வி இதுதான், அதனால விவரமா சொல்றேன். ஒரு பழைய உதாரணம்னா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், ரெண்டு உலகப் போர்லயும் பிரிட்டன் பக்கம் நின்ன படைகள்ல இறந்தவங்களோட கல்லறையையும் பேரையும் பாத்துக்கற அமைப்பு, 1917ல தொடங்குனது. அவங்க விதி என்னன்னா முதல் உலகப் போருக்கு 1914 ஆகஸ்ட் 4லேருந்து 1921 ஆகஸ்ட் 31 வரைக்கும், ரெண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டம்பர் 3லேருந்து 1947 டிசம்பர் 31 வரைக்கும், இந்த நாளுக்குள்ள படைல இருக்கும்போது இறந்தா சேர்த்துடுவாங்க, எப்படி இறந்தார்னு பாக்கறதில்ல. குண்டு பட்டவரும், 1918 ஃப்ளூ காய்ச்சல்ல போனவரும், லாரி கவுந்து போனவரும் ஒரே மாதிரிதான். தன் உயிரை தானே மாய்ச்சுக்கிட்டவரும் அதுல உண்டு.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. முதல் உலகப் போர்ல ஓடிப்போனாங்க, கோழைத்தனம் காட்டுனாங்கன்னு சொல்லி பிரிட்டிஷ் ராணுவம் தன்னோட ஆளுங்களையே சுட்டுக் கொன்னுச்சு. அதுல 306 பேருக்கு 2006ல மன்னிப்பு குடுத்தாங்க, அதுவரைக்கும் பல ஊர் நினைவுச் சின்னங்கள்ல அவங்க பேர் விட்டுப்போயிருந்துச்சு. அந்தக் குடும்பங்க எல்லாம் தொண்ணூறு வருஷம் தலை குனிஞ்சு நடந்திருக்கு. அதனால யாரை விடலாம்னு தேடாதீங்க. கல்லுல பேர் மட்டும் போடுங்க, எப்படி இறந்தார்ங்கற பத்தியே வேணாம். குடும்பம் சொல்ல விரும்புனா அவங்க சொல்லிக்குவாங்க.

பேரை எந்த வரிசைல எழுதறது? பெரிய ஆபீசர் பேர் மேல வரணுமா?

பதவி வரிசை வேணாம்னு நான் சொல்வேன். ஒரே ஊர்ல பொறந்தவங்க, ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்க, ஒருத்தர் சுபேதார் இன்னொருத்தர் சிப்பாய்ங்கறதுக்காக கல்லுல ஏன் மேல கீழ? காமன்வெல்த் கல்லறைகள்ல ஜெனரலுக்கும் சாதாரண சிப்பாய்க்கும் ஒரே அளவு கல்லுதான், பிரிட்டன்ல அதுக்கு அப்ப பெரிய எதிர்ப்பு வந்தும் அவங்க மாத்தல.

வாஷிங்டன்ல 1982ல வந்த வியட்நாம் நினைவுச் சுவர்ல, வியட்நாம் போர்ல இறந்த, காணாமப் போன அமெரிக்கப் படை ஆளுங்க பேர் தேதி வரிசைல இருக்கும், 58,000க்கு மேல பேர். அதை வரைஞ்ச மாயா லின் அப்ப 21 வயசு மாணவி. ஒரே நாள்ல ஒன்னா இறந்தவங்க பேர் பக்கத்துல பக்கத்துல வரணும்ங்கறதுதான் அவங்க எண்ணம், தப்பிச்சு வந்த நண்பன் அந்த இடத்துல போய் நின்னா அந்த நாளே முன்னாடி நிக்கும். ஆனா பேர் தேடறதுக்கு தனியா ஒரு பட்டியல் புத்தகம் வேணும். நூறு இருநூறு பேர் இருக்குற ஊருக்கு அகர வரிசை போதும்.

தமிழ்ல அகர வரிசைன்னா ஒரு சிக்கல் இருக்கு, இனிஷியல். இனிஷியலை வச்சு அடுக்குனா அண்ணன் தம்பி பக்கத்துல வருவாங்க, ஆனா இனிஷியல் தெரியாத ஆள் பேரை கண்டுபிடிக்க முடியாது. சொந்தப் பேரோட முதல் எழுத்தை வச்சு அடுக்கி, இனிஷியலை முன்னாடி சும்மா எழுதுங்க. இங்கிலீஷ் எழுத்து வரிசைல அடுக்கிட்டு அதை அப்படியே தமிழ்ல எழுதுன சுவத்தை நானே பாத்திருக்கேன், அ, ஆ பேர் எல்லாம் ஒரு ஓரம், இ, ஈ பேர் எல்லாம் நடுவுல, தமிழ் மட்டும் படிக்கத் தெரிஞ்ச ஒரு பாட்டி அங்க நின்னு கடைசி வரைக்கும் தேடிட்டு இருந்தாங்க.

ஒரே பேர்ல நாலு பேர் இருந்தா என்ன பண்றது? பேரோட வேற என்னென்ன எழுதணும்?

ஒரு ஊர்ல ஆறு முருகேசன் இருப்பாங்க, அதுல மூணு பேருக்கு இனிஷியலும் ஒன்னாவே இருக்கும். அப்போ சர்வீஸ் நம்பர்தான் கைகுடுக்கும். பேர், அப்பா பேர், ரெஜிமென்ட், சர்வீஸ் நம்பர், சர்வீஸ்ல இருந்த வருஷம், இறந்தவங்களுக்கு பொறந்த வருஷமும் இறந்த வருஷமும். இதுக்கு மேல வேணாம். மெடல் வாங்கியிருந்தா சேர்க்கலாம்.

கல்லுல எவ்வளவு எழுதணும்ங்கற கேள்விக்கு நம்ம ஆளுங்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டாங்க. தேனி மாவட்டம் புலிமான்கோம்பைல 2006ல கெடச்ச நடுகல்லுல தமிழ் பிராமி எழுத்துல ரெண்டு மூணு வரிதான் இருக்கு. அதுல என்ன இருக்குன்னா அந்த ஆளோட ஊர், அவர் பேர், எந்த ஊர்ல நடந்த ஆகோள் சண்டைல, அதாவது மாடு கவர்ற சண்டைல, விழுந்தார்ங்கறது. ஊரு, பேரு, சண்டை. அவ்வளவுதான். புகழ்ச்சி வார்த்தை ஒன்னுகூட இல்ல, ஆனா இன்னைக்கும் அந்த அந்தவன்ங்கற மனுஷனை நமக்குத் தெரியுது. பத்து வரி கவிதை எழுதி பக்கத்துல தலைவர் படத்தையும் செதுக்கணும்னு யாராவது கேட்டா இந்தக் கல்லைத்தான் நான் காட்டுவேன்.

ராணுவ ரெக்கார்டுல ஒரு மாதிரி, வீட்ல ஒரு மாதிரி பேர் எழுதுனா எதை எடுக்கறது?

வீட்ல எழுதறதை. ரெக்கார்டுல இருக்கறது தமிழே தெரியாத ஒரு கிளார்க் காதுல விழுந்ததை இங்கிலீஷ்ல எழுதுனது. அதை திருப்பி தமிழ்ல எழுதுனா ரெங்கசாமி ரங்கசாமி ஆவார், கோவிந்தன் கோபிந்தன் ஆவார், அழகர் அலகர் ஆவார். ழகரம் இல்லாம ஒருத்தர் பேரை கல்லுல வெட்டி வைக்கறது பெரிய கொடுமைங்க. ரெக்கார்டுல இருக்கற மாதிரியும் ஒரு லிஸ்ட் தனியா வச்சுக்கோங்க, பின்னாடி ஆபீஸ் வேலைக்கு உதவும், ஆனா கல்லுக்குப் போறது அம்மா கூப்பிட்ட பேர்.

கல்லுல தப்பா வெட்டிட்டா சரி பண்ண முடியுமா?

முடியும், ஆனா முன்கூட்டியே அதுக்கு ஏத்த மாதிரி கட்டியிருக்கணும். எங்களுக்கே நடந்துச்சு, நான் சரிபாத்து கையெழுத்து போட்ட பக்கத்துல ஒரு இனிஷியல் மாறிப்போச்சு. வேற ஒருத்தரோட அப்பா பேர் வந்துடுச்சு. அவர் மகன் வந்து கோவமே படாம, "எங்க தாத்தா பேர் இது இல்லீங்க"ன்னு மட்டும் சொன்னார். இப்ப நினைச்சாலும் எனக்கு மனசு அடிச்சுக்கும்.

பெரிய ஒத்தைக் கல்லுல ஐம்பது பேர் வெட்டியிருந்தா ஒரு எழுத்துக்காக முழுக் கல்லும் போகும், இல்லன்னா அந்த இடத்தை மட்டும் தேய்ச்சு பள்ளமா பண்ணி மறுபடி வெட்டணும், அது எப்பவும் தெரியும். அதனால சின்னச் சின்ன பலகையா பண்ணுங்க. டெல்லி நினைவுச் சின்னத்துல ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனி கிரானைட் பலகைதான். இப்படி தனித்தனியா இருந்தா கழட்டி மாட்டலாம், புதுசும் சேர்க்கலாம். வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழு அளவுல பேப்பர்ல பிரின்ட் எடுத்து பொது இடத்துல ஒரு மாசம் ஒட்டி வைங்க. ஃபோன்ல அனுப்புனா யாரும் படிக்க மாட்டாங்க, செவுத்துல ஒட்டுனா ஊரே வந்து படிக்கும், தப்பு கண்டுபிடிக்கும். நாங்க இதை பண்ணல, அதான் அந்த இனிஷியல்.

யார் யார் ராணுவத்துக்குப் போனாங்கன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

பென்ஷன் புத்தகம், படைலேருந்து வெளில வரும்போது குடுக்கற டிஸ்சார்ஜ் புக், இது ரெண்டும்தான் முதல். இந்தியால மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல பதிவு இருக்கும். ஆனா 1914, 1939 காலத்துல போனவங்களுக்கு வீட்டு ட்ரங்குப் பெட்டிதான் ஆதாரம். மெடலை திருப்பிப் பாருங்க, விளிம்புல நம்பரும் பேரும் பொறிச்சிருக்கும். பழைய மணியார்டர் ரசீது, லெட்டர் கவர்ல இருக்குற யூனிட் பேர் எல்லாம் உதவும்.

பேப்பர் கிடைக்கலன்னா அந்த ஆள் பொய் சொல்றார்னு முடிவு பண்ணாதீங்க. அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல 1973 ஜூலை 12 அன்னைக்கு ஆவணக் கட்டிடத்துல தீ பிடிச்சு 1 கோடியே 60 லட்சத்துலேருந்து 1 கோடியே 80 லட்சம் பேரோட ராணுவ ஃபைல் போச்சு. அதே சமயம் லாகூர் மியூசியத்துல முதல் உலகப் போர்ல பஞ்சாப்லேருந்து போன சுமார் 3,20,000 பேரோட பதிவு பல வருஷம் யாரும் தொடாம கிடந்து, ரொம்ப தாமதமாத்தான் கம்ப்யூட்டர்ல ஏற ஆரம்பிச்சுச்சு. காமன்வெல்த் ஆணையத்தோட பதிவுகள்ல பேர் போட்டு இலவசமா தேடலாம், இந்திய வீரர்னா இன்னார் மகன், இன்ன கிராமம்னு நிறைய இடத்துல இருக்கும். ஊர் பேரை அந்தக் கால ஸ்பெல்லிங்ல நாலு விதமா போட்டுத் தேடிப் பாருங்க.

சமையல்காரர், சலவைக்காரர், டிரைவர், நர்ஸ் எல்லாம் வருவாங்களா?

வருவாங்க, கண்டிப்பா. வியட்நாம் சுவர்ல 8 பெண்கள் பேர் இருக்கு, எட்டு பேருமே நர்ஸ். துப்பாக்கி புடிச்சவங்க மட்டும்தான் ராணுவம்னு நினைச்சா பாதி ராணுவம் காணாமப் போயிடும், சோறு, தண்ணி, ரோடு, மருந்து இல்லாம எந்தப் படையும் ஒரு நாள்கூட நிக்காது.

இவங்களை விட்டுட்ட கதை சின்னது இல்ல. 2021 ஏப்ரல்ல காமன்வெல்த் ஆணையமே ஒரு அறிக்கை போட்டு ஒத்துக்கிச்சு, முதல் உலகப் போர்ல இறந்த 45,000லேருந்து 54,000 பேர், பெரும்பாலும் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும், மத்தவங்களுக்கு சமமா நினைவுகூரப்படல, அதுபோக குறைஞ்சது 1,16,000 பேருக்கு பேரே பதியல, இல்ல நினைவுச் சின்னமே இல்லன்னு. எல்லாரும் சமம்ங்கற விதியை எழுதி வச்ச அமைப்புலயே இப்படி. அதனால பட்டியல் போடும்போது "வேற யாரு?"ன்னு ஒரு தடவை கூடுதலா கேளுங்க. படைல சலவை வேலை பாத்த ஒருத்தர் எங்ககிட்ட பேர் குடுக்கவே வரல, "நான்லாம் மிலிட்டரியா சார்"னு கேட்டார். அவர் பதினேழு வருஷம் சர்வீஸ்.

உடம்பே கிடைக்காதவங்க, காணாமப் போனவங்க?

அவங்களுக்காகத்தான் இந்த மாதிரி இடமே முக்கியமா தேவைப்படுது, மத்தவங்களுக்கு சுடுகாடோ கல்லறையோ ஒன்னு இருக்கு. பெல்ஜியத்துல மெனின் வாசல்ங்கற முதல் உலகப் போர் நினைவு வளைவுல கல்லறை இல்லாத 54,000க்கு மேலான பேரோட பேர் இருக்கு, அதுல இந்தியப் படை ஆளுங்களும் உண்டு, 1928ல ஆரம்பிச்சு, 1929லேருந்து தினமும் சாயங்காலம் எட்டு மணிக்கு அங்க பியூகிள் ஊதறாங்க, ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி கைல ஊர் இருந்தப்போதான் நின்னுச்சு. பிரான்ஸ்ல நவ் ஷாப்பெல்ங்கற ஊர்ல 1927ல கட்டுன நினைவுச் சின்னத்துல 4,700க்கு மேல இந்தியர்கள், உடம்பு கிடைக்காதவங்கதான்.

வியட்நாம் சுவர்ல பேர் பக்கத்துல ஒரு வைரக் குறி இருந்தா இறந்தது உறுதி, சிலுவைக் குறி இருந்தா காணாமப் போனவர். பிறகு உடல் கிடைச்சு அடையாளம் தெரிஞ்சா சிலுவை மேலயே வைரத்தை வெட்டிடுவாங்க. இந்த மாதிரி ஒரு ஏற்பாடு சின்ன ஊர்லயும் பண்ணலாம். காலம் போனாலும் பதில் வரும்ங்கறதுக்கு ஒரு உதாரணம், அமெரிக்கால வியட்நாம் போர்ல இறந்த அடையாளம் தெரியாத வீரர்னு ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைல வச்சிருந்த உடலை 1998ல டிஎன்ஏ சோதனை பண்ணி அவர் மைக்கேல் பிளாஸின்னு கண்டுபிடிச்சு வீட்டுக்குக் குடுத்துட்டாங்க, அந்த இடம் இப்ப காலியாதான் இருக்கு.

எந்தக் கல்லு நல்லது?

கிரானைட். யோசிக்கவே வேணாம். மார்பிள் பாக்க அழகு, ஆனா மழைல இருக்குற அமிலம் அதை அரிச்சுடும், ஐம்பது வருஷத்துல எழுத்து மழுங்கி கையால தடவுனாத்தான் தெரியும். மணற்கல் ஏடு ஏடா உரியும். வாஷிங்டன்ல இருக்குற வியட்நாம் சுவத்துக்கு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்குற கருங்கல் வேணும்னு தேடி பெங்களூர் பக்கத்துலேருந்துதான் கொண்டுபோனாங்க, பேரைப் படிக்கிறவங்க முகம் அந்தப் பேர் மேலயே தெரியும்.

எழுத்தை ஆழமா வெட்டச் சொல்லுங்க. லேசா கீறிட்டு உள்ள பெயின்ட் அடிக்கிறது திறப்பு விழா அன்னைக்கு நல்லா இருக்கும், நாலு வெயில் பாத்ததும் பெயின்ட் போயிடும், எழுத்தும் தெரியாது. கல்லைப் பிடிச்சு நிறுத்துற கம்பி சாதா இரும்பா இருக்கக் கூடாது, துருப்பிடிச்சு ஊதி உள்ளிருந்தே கல்லைப் பிளந்துடும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்க. பித்தளை, வெண்கலப் பலகைன்னா திருட்டு பயம் இருக்கு, எடைக்குப் போட எடுத்துட்டுப் போயிடுவாங்க.

நடைபாதைக் கல்லுல பேர் போட்டு நன்கொடை வாங்கலாமா?

அமெரிக்கால நிறைய ஊர்ல அப்படித்தான் பணம் சேர்க்கறாங்க, ஒரு செங்கல்லுக்கு ஒரு பேர். வேலைக்கு ஆகும்தான். ஆனா எனக்கு மனசு ஒப்பல, பேரை மிதிச்சுட்டு நடக்கற மாதிரி ஆயிடும், அதோட செருப்பு தேய்ச்சு தேய்ச்சு அந்த எழுத்து சீக்கிரம் அழிஞ்சும் போயிடும். நன்கொடை குடுத்தவங்க பேர் வேணா தரைல வரட்டும், வீரர் பேர் கண் மட்டத்துல இருக்கட்டும். நன்கொடை பலகை வீரர்கள் பலகையை விட பெருசா இருக்கக் கூடாது, இதுல மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுக்குடுக்காதீங்க.

டாங்கு, பீரங்கி எல்லாம் வைக்கலாமா?

பசங்களுக்கு ரொம்ப பிடிக்கும், அதனால வைக்கறது தப்பு இல்ல. ஆவடில செஞ்ச விஜயந்தா டாங்கு, 1965 போர்ல பிடிச்ச பாகிஸ்தானோட பேட்டன் டாங்கு எல்லாம் இந்தியால பல ஊர்ல நிக்கறதை பாத்திருப்பீங்க. ராணுவத்துகிட்ட எழுதிக் கேட்டு, செயலிழக்க வச்ச பிறகுதான் குடுப்பாங்க. ஆனா அதை இறக்க கிரேன், நிறுத்த கான்கிரீட் மேடை, வருஷா வருஷம் பெயின்ட், மழைத் தண்ணி உள்ள தேங்காம பாத்துக்கறது, கையைக் காலை வெட்டிக்காம கதவை எல்லாம் வெல்டிங் பண்றதுன்னு செலவு நிறைய. பேர்ச் சுவத்துக்கு பணம் பத்தலன்னா டாங்கை தள்ளிப் போடுங்க.

கொடி விஷயத்துல என்ன கவனிக்கணும்?

அரைக்கம்பத்துல பறக்கவிடும்போது நேரா பாதி வரைக்கும் ஏத்தி நிறுத்தக் கூடாது. முதல்ல உச்சி வரைக்கும் ஏத்தி, அப்புறம் பாதிக்கு இறக்கணும். சாயங்காலம் இறக்கும்போதும் ஒரு தடவை உச்சிக்கு கொண்டுபோய்ட்டுதான் இறக்கணும். இது தெரியாம பண்ணா வந்திருக்குற பழைய ஹவில்தார்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்குவாங்க. கிழிஞ்ச கொடி, வெளுத்த கொடி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது, கைல ஒரு மாத்துக் கொடி எப்பவும் வச்சுக்கோங்க.

வயசானவங்க, கால் இழந்தவங்க வந்து போக வசதி வேணாமா?

யாருக்காகக் கட்டறோமோ அவங்களே உள்ள வர முடியாத பூங்கா ரொம்ப இருக்கு. மேடை மேல ஏழு படி ஏறி மாலை போடற மாதிரி கட்டியிருப்பாங்க, எண்பது வயசு மனுஷன் கீழ நின்னு பாக்கணும். சாய்தளம் வைங்க, ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம், அதை விட செங்குத்தா இருந்தா சக்கர நாற்காலி தள்ள முடியாது. பாதைல ஜல்லி போடாதீங்க, சக்கரமும் புதையும் செயற்கைக் காலும் வழுக்கும். பெஞ்சுக்கு கைப்பிடி வேணும், எழுந்திருக்க ஊனிக்கறதுக்கு. நிழல் வேணும், கழிப்பறை வேணும். கீழ் வரிசைப் பேர் முழங்காலுக்குக் கீழ போகக் கூடாது, மேல் வரிசை தலைக்கு மேல போகக் கூடாது.

இன்னொன்னு, விழா நாள்ல வெடி போடாதீங்க. சண்டை பாத்துட்டு வந்தவங்கள்ல சிலருக்கு அந்த சத்தம் கேட்டா உடம்பு நடுங்கிப்போகும், வெளில சொல்ல மாட்டாங்க, எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க.

பசங்க விளையாடலாமா? செல்ஃபி எடுக்கலாமா?

விளையாடட்டும். பேர்ச் சுவர் பக்கத்துல பந்து வேணாம், மத்தபடி புல்லுல ஓடட்டும். யாரும் வராத பூங்காவை விட பசங்க சத்தம் கேக்குற பூங்கா நல்லது, பசங்க வந்தா பெத்தவங்க வருவாங்க, வந்தா படிப்பாங்க. செல்ஃபியும் பரவால்ல, கல்லு மேல ஏறி உக்காராம எடுத்தா போதும். யாராவது பேர் முன்னாடி நின்னு அழுதுட்டு இருந்தா கேமராவை கீழ இறக்குங்க.

பூ, போட்டோ, பழைய பொருள் எல்லாம் வச்சுட்டுப் போறாங்களே, அதை என்ன பண்றது?

பூ வாடுனதும் எடுத்துடலாம். ஆனா லெட்டர், போட்டோ, தொப்பி, குழந்தையோட பொம்மை, இதையெல்லாம் குப்பைல போடாதீங்க. வியட்நாம் சுவத்துல மக்கள் வச்சுட்டுப் போனதை பூங்கா ஊழியர்கள் ஆரம்பத்துலேருந்தே எடுத்து பத்திரப்படுத்தி இப்ப 4,00,000க்கு மேல சேர்ந்திருக்கு. சின்ன ஊருக்கு ஒரு பூட்டுற பீரோ போதும், தேதி எழுதி உள்ள வைங்க.

கல்லை எப்படி சுத்தம் பண்றது?

நல்ல தண்ணி, மென்மையான பிரஷ், வேணும்னா காரம் அமிலம் இல்லாத சோப்பு கொஞ்சம். ஆசிட் வேணாம், பிளீச்சிங் வேணாம், கம்பி பிரஷ் வேணாம், வேகமா பீச்சி அடிக்கிற தண்ணி மெஷினும் வேணாம். விழாவுக்கு முந்தின நாள் அவசரமா ஆசிட் ஊத்தித் தேய்க்கறதுதான் அதிகமா கெடுக்குது. எண்ணெய், சந்தனம், குங்குமம் கல்லு மேல நேரா பூசாதீங்க, கறை உள்ள இறங்கிடும். மரம் நடும்போது சுவத்துலேருந்து தள்ளி நடுங்க, வேர் அஸ்திவாரத்தை தூக்கும், பறவை எச்சம் எழுத்தை அடைக்கும்.

எந்த நாள்ல நிகழ்ச்சி வைக்கலாம்?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன், பிரான்ஸ் பக்கம் நவம்பர் 11, 1918ல காலை பதினோரு மணிக்கு போர் நின்ன நாள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல ஏப்ரல் 25. இந்தியால கார்கில் வெற்றி நாள் ஜூலை 26, 1971 போர் முடிஞ்ச டிசம்பர் 16, கொடி நாள் டிசம்பர் 7, முன்னாள் படைவீரர் நாள் ஜனவரி 14, அது நம்ம ராணுவத்தோட முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா 1953ல ஓய்வு பெற்ற நாள். ஒன்னோ ரெண்டோ போதும். நிகழ்ச்சில பேச்சைக் குறைச்சு பேர்களை சத்தமா வாசிங்க, இருநூறு பேர் வாசிக்க இருபது நிமிஷம்கூட ஆகாது. பள்ளிக்கூடப் பசங்களை வாசிக்க விடுங்க, முந்தின நாளே குடும்பத்துகிட்ட உச்சரிப்பு கேட்டுட்டு வரச் சொல்லுங்க.

இது போரைப் பெருமைப்படுத்தற மாதிரி ஆகாதா?

நியாயமான கேள்வி, நானும் ஆரம்பத்துல இதைக் கேட்டவன்தான். எப்படிக் கட்டறோம்ங்கறதைப் பொறுத்து அது ஆகவும் ஆகலாம். எதிரியை மிதிக்கிற சிலை, ரத்தம் சொட்டுற ஓவியம் எல்லாம் வச்சா ஆகும். ஆனா ஒரு சுவத்துல பேர், பக்கத்துல பொறந்த வருஷம் இறந்த வருஷம், அதைப் படிச்சுட்டு கழிச்சுப் பாத்தா இருபத்தொன்னு, பத்தொன்பது, இருபத்தி மூணுன்னு வரும்போது யாருக்கும் போர் மேல ஆசை வராது. சண்டையை நேர்ல பாத்தவங்க என்கிட்ட பேசுனப்போ யாரும் அதை பெருமையா சொல்லல. கூட இருந்தவன் பேரைத்தான் சொன்னாங்க, அவன் ஊர் எது, என்ன சாப்பிடுவான், எப்படிச் சிரிப்பான்னு.

அங்க ஒரு முன்னாள் வீரரைப் பாத்தா என்ன பேசறது?

எத்தனை பேரைச் சுட்டீங்கன்னு மட்டும் கேக்காதீங்க. எந்த ரெஜிமென்ட், எங்கெல்லாம் இருந்தீங்க, குளிர் எப்படி இருக்கும், லீவுக்கு ஊருக்கு வர எத்தனை நாள் ரயில்ல உக்காரணும், இப்படி கேட்டா நல்லா பேசுவாங்க. சும்மா பக்கத்துல உக்காந்தாலும் போதும்.

பராமரிப்புக்கு பணம் எங்கேருந்து?

கட்டறதுக்கு பணம் வரும், பாத்துக்கறதுக்குத்தான் வராது. வசூல் பண்றதுல ஒரு பங்கை தனி கணக்குல வச்சு வட்டில ஓட்டுங்க. நிலம் யார் பேர்ல இருக்கு, கரன்ட் பில் யார் கட்டறது, குழு கலைஞ்சுட்டா சாவி யார்கிட்ட, இது மூணும் எழுத்துல இருக்கணும்.

வெளியூர்ல இருக்கேன், அப்பா பேரை பேப்பர்ல தேய்ச்சு எடுத்துட்டுப் போகலாமா?

தாராளமா. மெல்லிசான வெள்ளைப் பேப்பர், மென்மையான பென்சில். பேர் மேல பேப்பரை வச்சு பென்சிலை படுக்கவச்சு லேசா, ஒரே பக்கமா தேய்ங்க, எழுத்து வெள்ளையா மேல வரும். கிரேயான், மார்க்கர் வேணாம், கல்லுல பட்டா போகாது. கல்லு காஞ்சிருக்கணும், மழை பேஞ்ச அன்னைக்கு வராது. காத்து அடிக்குதுன்னா கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, பேப்பரோட மேல் ரெண்டு மூலையையும் அவங்க பிடிச்சுக்கணும்.